சிம்ப்ளிசியோவைப் பேச விடுங்கள்

ஒரு வார இதழின் சிறுவர் பக்கத்தில் இந்த வாரம் கருந்துளை பற்றி ஓர் உரையாடல் வந்திருந்தது. ஒளிகூட அதிலிருந்து தப்ப முடியாது என்கிறார் மாமா. “அப்படியா மாமா!” என்கிறாள் மருமகள். அதன் அருகே போனால் நேரமே மெதுவாகும் என்கிறார். “ஆச்சரியமா இருக்கே!” என்கிறாள். பக்கம் முடியும்வரை அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எடையே இல்லாத ஒளியை ஈர்ப்பு எப்படி இழுக்கும் என்று சூட்டிகையான எந்தப் பிள்ளையும் கேட்கும். இவளைக் கேட்க விடவில்லை. படித்து முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

‘சமன்பாடே இல்லாத அறிவியல்’ என்று அட்டையில் போட்டு விற்கும் புத்தகங்கள்மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. இதுவும் அதே நோய்தான். வாசகருக்குத் தாங்காது என்று எழுதுகிறவரே முடிவு கட்டிவிடுகிறார்.

தாங்கும் என்று நம்பி எழுதியவர் கிளிஃபர்ட் ஜான்சன். இழைக் கோட்பாட்டு ஆய்வாளர். 2017இல் வெளிவந்த ‘தி டயலாக்ஸ்’ என்ற காமிக்ஸ் நூலை எழுதியதும் அவரே, படம் வரைந்ததும் அவரே. ரயிலிலும் அருங்காட்சியகத்திலும் உணவகத்திலும் மனிதர்கள் சந்தித்துப் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு சமையலில் இருந்து பல அண்டங்கள் வரை போகிறது. சமன்பாடும் வருகிறது. படம் இருப்பதால் கேட்பவரின் முகம் நமக்குத் தெரிகிறது. எந்த இடத்தில் அவர் நெற்றி சுருங்குகிறது என்பது தெரிகிறது. சொல்பவர் அங்கே நின்றுதான் ஆக வேண்டும்.

அறிவியலை உரையாடலாக எழுதும் இந்த வழக்கத்தில் ஜான்சனுக்கு மூத்தவர் கலீலியோ. 1632இல் வந்த அவருடைய ‘உரையாடல்’ லத்தீனில் அல்ல, ஊரார் படிக்கும்படி இத்தாலிய மொழியில் எழுதப்பட்டது. சால்வியாத்தி, சக்ரெடோ, சிம்ப்ளிசியோ என்று மூவர். முதல் இருவரும் அவருடைய நிஜ நண்பர்கள். நூல் வருவதற்குள் இருவருமே இறந்துவிட்டார்கள். அந்த நூலுக்காக அடுத்த ஆண்டு கலீலியோமீது விசாரணை, பிறகு வீட்டுச் சிறை. சிறையிருந்தபடியே எழுதி முடித்து, 1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சான ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலிலும் அதே மூவரைப் பேச வைத்தார்.

சிம்ப்ளிசியோவை முட்டாள் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த இரண்டாவது நூலில் முதல் நாள் பேச்சைப் பாருங்கள். கனமான பொருள் வேகமாக விழும் என்கிறது சிம்ப்ளிசியோ சார்ந்த அரிஸ்டாட்டில் கட்சி. பெரிய கல்லின் வேகம் 8, சிறிய கல்லின் வேகம் 4 என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் சால்வியாத்தி. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சிறியது பெரியதைத் தாமதப்படுத்தும். வேகம் 8க்குக் கீழே போகும். ஆனால் கட்டிய கற்கள் சேர்ந்து இன்னும் கனம். வேகம் 8ஐத் தாண்ட வேண்டும். இரண்டும் எப்படி உண்மையாகும்?

நம்மூர் மருமகள் இங்கே கைதட்டியிருப்பாள். சிம்ப்ளிசியோ விடவில்லை. சிறிய கல் எடையைக் கூட்டத்தானே செய்கிறது, எடை கூடினால் வேகம் எப்படிக் குறையும் என்று மல்லுக்கு நிற்கிறார். அவர் மறுத்ததால்தான் சால்வியாத்தி இன்னும் ஆழமாகப் போக நேர்கிறது. தோளில் இருக்கும் சுமையை நாம் தாங்கி நிறுத்தும்போதுதான் அது அழுத்துகிறது. அதே வேகத்தில் நாமும் விழுந்தால் எப்படி அழுத்தும்? நம் வேகத்திலேயே முன்னால் ஓடுகிறவனை ஈட்டியால் குத்த முடியுமா? விழும் கல்லின் தலைமேல் இருக்கும் கல்லுக்கு எடை இல்லை! 1907இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் இருந்த ஐன்ஸ்டைன், கூரையில் இருந்து விழுகிறவனுக்குத் தன் எடை தெரியாது என்று எண்ணிப் பார்த்து, அங்கிருந்துதான் பொதுச் சார்பியலை நோக்கி நடந்தார். அந்த நடையின் முதல் அடி ஒரு பிடிவாதக்காரரின் கேள்விக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது.

இதற்குப் பிறகும் சிம்ப்ளிசியோ முழுதாக மசியவில்லை. வாதம் அருமை, ஆனாலும் பறவை சுடும் ஈயக்குண்டு பீரங்கிக்குண்டோடு சமமாக விழும் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்கிறார். சால்வியாத்தியும் அதை மழுப்பவில்லை. 100 முழத்தில் இருந்து 100 ராத்தல் குண்டு தரையைத் தொடும்போது 1 ராத்தல் குண்டு ஒரு முழம்கூட இறங்கியிராது என்பது அரிஸ்டாட்டில் கணக்கு. போட்டுப் பார்த்தால் இரண்டு விரற்கடை வித்தியாசம் வரத்தான் செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன் என்கிறார். ஆனால் அந்த இரண்டு விரற்கடைக்குப் பின்னால் 99 முழத்தை ஒளிக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, காற்று என்ன செய்கிறது என்ற அடுத்த பேச்சுக்குப் போகிறார்.