வாளால் வந்த ஐக்கியம் யாருக்கு?

சிதறிக் கிடந்த நாடுகளை ஒன்றாக்கியவர்கள் ராஜாக்கள்தான் என்று மேடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஓயாமல் சொல்கிறார்கள். ஐக்கியம் வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் அந்த ஐக்கியத்தால் லாபம் அடைந்தவன் யார் என்று நாம் கேட்டே தீர வேண்டும்.

கிரேக்க சரித்திரத்தைப் பாருங்கள். ஏதென்ஸ், தீப்ஸ், ஸ்பார்ட்டா என்று நகரத்துக்கு ஓர் அரசு, ஓயாத சண்டை. கி.மு. 338-ல் மாசிடோனிய மன்னன் பிலிப், ஏதென்ஸையும் தீப்ஸையும் கெரோனியா போர்க்களத்தில் முறியடித்தான். மறு வருஷம், ஸ்பார்ட்டா நீங்கலாகப் பெரும்பாலான நகரங்களைக் கொரிந்த் நகரில் கூட்டி, ஒரே கூட்டணியில் கட்டிப் போட்டான். "கிரேக்கம் ஒன்றாயிற்று!" என்று புகழ்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள் என்ன? நிலத்தைப் பங்கிடக் கூடாது. கடனை ரத்து செய்யக் கூடாது. கலகத்துக்காக அடிமைகளை விடுவிக்கக் கூடாது! கி.மு. 335-ல் தீப்ஸ் எதிர்த்து எழுந்தது. பிலிப்பின் மகன் அலெக்சாண்டர் அதைத் தரைமட்டமாக்கினான். சுமார் 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்று பழைய ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நமது தர்மபுரிக்கு வருவோம். இதுதான் பழைய தகடூர். தெற்கே சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் என்று தனித்தனி அரசுகள் இருந்ததை அசோகனின் சாசனம் சொல்கிறது. சத்தியபுத்திரர் என்பது அதியமான் வம்சமே என்பதை 1981-ல் வெளிப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு காட்டிற்று.

ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவன் என்று அதியமானைப் போற்றுகிறோம். அவனும் கோவலூர் மீது படையெடுத்து அழித்தவன்தான். பிறகு பெருஞ்சேரல் இரும்பொறை என்ற சேரன் வந்தான். சோழனும் பாண்டியனும் அதியமானோடு நின்றும் பயனில்லை, தகடூர் வீழ்ந்தது. தன்னைப் பாடிய அரிசில்கிழாருக்குச் சேரன் ஒன்பது லட்சம் காணம் பொன் கொடுத்தான் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம். வள்ளன்மை என்று மெச்சுகிறார்கள். அந்தப் பொன் ஆகாயத்திலிருந்து விழவில்லை. உழுதவன் களத்திலிருந்தும் தோற்ற ஊரின் வீடுகளிலிருந்தும்தான் அது வர முடியும்.

பல நூற்றாண்டு கழித்து, 1792-ல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி நமது பாராமஹால் கும்பினியின் கைக்குப் போயிற்று. ரீடும் மன்றோவும் இங்கே வந்து முதலில் செய்த காரியம் என்ன? நிலத்தை அளந்து ஒவ்வொரு குடியானவன் மீதும் நேரடியாகக் கிஸ்து விதித்ததுதான். ரயத்துவாரி முறை வேர்விட்டது இந்த மண்ணில்தான். இந்தியாவை ஒன்றாக்கியவன் வெள்ளையன் என்று பேசுகிறவர்கள் அந்த அளவுச் சங்கிலியை மறந்து விடுகிறார்கள்.

பெரிய அரசு வந்ததும் சில்லறைச் சண்டை ஓய்ந்தது, வியாபாரம் பெருகியது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஓய்ந்தது ராஜாக்களின் சண்டை. குடியானவனின் சுமை ஓயவில்லை.

ஆகவே, ஐக்கியத்தின் பேரால் எவன் வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. நிலம் யாரிடம்? கடன் யார் தலையில்? எதிர்த்துப் பேச யாருக்கு உரிமை? இவற்றுக்கு நேர்மையான பதில் தரும் ஐக்கியமே ஜனங்களின் ஐக்கியம். மற்றது, பல எஜமானர்கள் போய் ஒரே எஜமானன் வந்த கதைதான்!