சும்மா இருக்கும் நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பி.காம் படிக்கிறவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஐடில் டைம்' என்று ஒரு பாடம் வரும். தொழிலாளிக்குச் சம்பளம் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் வேலை நடக்கவில்லை. இதை இரண்டாகப் பிரிப்பார்கள். இயந்திரத்தைத் தயார் செய்வது, டீ குடிப்பது போன்றவை தவிர்க்க முடியாதவை. அந்தச் செலவை அடக்க விலையிலேயே சேர்த்துவிடுவார்கள். கரண்ட் கட், ஸ்ட்ரைக் என்று வீணாகும் நேரம்தான் நஷ்டக் கணக்குக்குப் போகும்.

தொழிற்சாலைக்கே இவ்வளவு தாராளம்! ஆனால் ஒரு மாணவன் அரைமணி நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மொத்தமும் நஷ்டம்தான். "ஏன்டா சும்மா உட்கார்ந்திருக்க? டேலி கிளாஸுக்குப் போகலாம்ல?" என்று குரல் வந்துவிடும்.

இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் ஞாபகம் வருபவர் கணிதமேதை ராமானுஜன்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். அடுத்த சில ஆண்டுகள் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. வீட்டுத் திண்ணையில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? ஆனால் உலகம் இன்றும் ஆராயும் அவருடைய நோட்டுப் புத்தகங்கள் பெருமளவு நிறைந்தது அந்த ஆண்டுகளில்தான்.

1910-ல் அவர் எங்கள் பக்கம் வந்தார். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமஸ்வாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், இந்த மூளையைத் தாலுகா ஆபீசில் போட்டு அடைக்க மனமில்லாமல், சென்னையில் இருந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியில் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். "உனக்கு என்ன வேண்டும்?" என்று அவர் கேட்டபோது ராமானுஜன் பதவி கேட்கவில்லை. சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க நேரம் கேட்டார்! ராவ் தன் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார்.

தொடர்ந்து ஒருவரை நம்பியிருக்க ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தா ஆனார். (நம்ம ஆள்!) 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தால் போதும், வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் போய்விட்டார்.

இந்தக் கதையை 'சும்மா இருந்தால் மேதை ஆகலாம்' என்று படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. சும்மா இருந்த எல்லோரும் ராமானுஜன் ஆகவில்லை. அவருக்கே அந்த ஆண்டுகளில் பல நாள் பட்டினி. வேலை கிடைக்காமல் இருப்பதும் ஓய்வாக இருப்பதும் ஒன்றல்ல. அடுத்த வேளைச் சோறு எங்கே என்ற கவலை இருந்தால் மனசு அலையாது, அதே இடத்தில்தான் சுற்றும். ஓய்வு நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை யாராவது கொடுக்கத்தான் வேண்டும். ராமானுஜனுக்கு முதலில் குடும்பம், பிறகு ராவ், பிறகு பல்கலைக்கழகம் கொடுத்தன.

நமக்கு யார் கொடுக்கிறார்கள்? திருவக்கரை மாதிரி ஊரிலிருந்து திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறவனுக்குக் காலையும் மாலையும் சாலையிலேயே கரைகிறது. லீவு விட்டால் கல் குவாரியில் லாரி கணக்கு எழுதப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் பத்து இருபது நிமிடங்களை செல்போன் வீடியோக்கள் தின்றுவிடுகின்றன. அது ஓய்வு மாதிரி தெரியும், ஆனால் அங்கே நம் மனசு அலைவதில்லை, யாரோ அலைய வைக்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது, மற்றவனுக்கு அசதிதான் கிடைக்கிறது. பிறகு 'கிராமத்துப் பையன்களுக்குக் கற்பனை இல்லை' என்று சொன்னால் எப்படி?

என் ஆசை சின்னதுதான். கல்லூரிகள் வாரத்தில் ஒரு பீரியடையாவது வருகைப்பதிவும் அசைன்மெண்டும் இல்லாமல் காலியாக விடட்டும். ஆசிரியர் வராத வகுப்பை ஓடிப்போய் யாராவது நிரப்ப வேண்டியதில்லை. மாணவர்கள் மரத்தடியில் உட்காரட்டும், வெட்டிக்கதை பேசட்டும். பலருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. பரவாயில்லை. தொழிற்சாலையில் டீ குடிக்கும் நேரத்தில் என்ன உற்பத்தியானது என்று யாரும் கேட்பதில்லையே!

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் உடனே நஷ்டக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதையும் அடக்க விலையில் சேர்த்துவிடுங்கள்.