கூவத்தின் அடித்தரையை அறிந்து வரைவோம்

ஒகேனக்கல்லில் காவிரி ஓடும் தரை கெட்டியான தொல்பாறை. வழக்கமான ஆடிப்பெருக்கு அதைத் தேய்ப்பதோடு சரி, பெயர்ப்பதில்லை. நீர் வற்றிய கோடையில் படுகையில் இறங்கினால் ஆற்றின் கைவேலை தெரியும்: கூழாங்கற்கள் சுழன்று சுழன்று குடைந்த வட்டக்குழிகள், பாறை விரிசலின் போக்கிலேயே திரும்பும் ஒடுங்கிய பள்ளங்கள். பாறையைப் பெயர்க்க வேண்டுமானால் வெள்ளத்தின் விசை ஒரு வரம்பைத் தாண்டியாக வேண்டும். அப்படிப்பட்ட வெள்ளம் அரிதாகத்தான் வரும்.

இதைத் தெளிவாக எழுதியவர்கள் விக்டர் பேக்கரும் விஸ்வாஸ் காலேயும். பாறைப் படுகைகளை வடிவமைப்பதில் பெருவெள்ளங்களின் பங்கு பற்றிய அவர்களது கட்டுரை 1998இல் வெளிவந்தது. எடுத்துக்காட்டாக, 1970இல் கருடேஷ்வர் அருகே நர்மதையில் வினாடிக்குச் சுமார் 69,000 கன மீட்டர் நீர் போனது. அந்த ஆற்றின் பாறைப் பள்ளங்களைச் செதுக்குபவை இத்தகைய வெள்ளங்களே.

சென்னையின் மேற்கே கதை வேறு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் சார்னோகைட் பாறை வெளியே தலைகாட்டுகிறது. அம்பத்தூர், ஆவடி பக்கம் வந்தால் வண்டலுக்கு அடியில் கோண்டுவானா காலத்துக் களிப்பாறை. பாறை என்று பெயர் இருந்தாலும் அது நனைந்து காய்ந்தால் உதிர்ந்துவிடும். பூந்தமல்லிக்கு வடக்கே போகும் கூவத்துக்கும், பூண்டியிலிருந்து எண்ணூருக்குப் போகும் கொசஸ்தலையாற்றுக்கும் பெரும்பாலும் வண்டல்தான் தரை. இப்படிப்பட்ட ஆறுகளின் அகலத்தையும் ஆழத்தையும் தீர்மானிப்பதில் அடிக்கடி வரும் நடுத்தர வெள்ளத்துக்கே முதன்மைப் பங்கு என்று 1960இலேயே வோல்மனும் மில்லரும் எடுத்துக்காட்டினார்கள்.

கொசஸ்தலையாற்றுப் படுகையின் பழைய கணக்கை அதிரம்பாக்கத்தில் காணலாம். 1863இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்ட கற்கால இடம் அது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டிய குழிகளில் அடியில் களிப்பாறை, அதற்கு மேல் வெள்ளம் மெல்லப் படியவைத்த களிமண், அதற்கும் மேல் சரளை என அடுக்கடுக்காக வந்தன. களிமண்ணுக்குள் கிடந்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் அறிவித்தார்கள். ஒரு குழியின் சுவரிலேயே ஆற்றின் வேகம் மாறிய வரலாறு எழுதிக் கிடக்கிறது. இந்தப் பக்கம் வேலை செய்யும் ஒவ்வொரு பொறியாளரும் ஒருமுறையாவது அதைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இயற்கை வைக்காத பாறையை இங்கே மனிதர்கள் வைத்திருக்கிறார்கள். கேசவரம் அணைக்கட்டு, கூவத்து நீரைச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்பும் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டு, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகள் எல்லாமே ஆற்றுத் தரையை ஒரே மட்டத்தில் பூட்டி வைக்கும் வாசற்படிகள். மேற்புறம் மணல் தங்கும். கீழ்ப்புறம் மணல் இழந்த நீர் தரையைப் பறிக்கும். கொசஸ்தலையாற்றில் 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் மணலைப் பிடித்து வைக்கிறது. மணல் அள்ளுதலும் சேர்ந்தால் பறிப்பு இரட்டிப்பாகிறது. கான்கிரீட் கரைச்சுவரின் விளைவு இன்னொரு விதம். பக்கவாட்டில் விரிய முடியாத வெள்ளம் கீழ்நோக்கித் தோண்டிச் சுவரின் அடித்தளத்தையே தேடிப் போகிறது.

இவ்வளவு வேறுபாடு இருந்தும், சீரமைப்புத் திட்டம் என்றாலே நீளம் முழுக்க ஒரே சரிவகக் குறுக்குவெட்டை வரைந்துவிடும் பழக்கம் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் அடையாற்றில் திறக்கப்பட்ட பிறகு, பேச்சு முழுக்க எத்தனை கன அடி என்பதைச் சுற்றியே நடந்தது. அந்த நீர் எந்தத் தரையில், எந்தக் கரைகளுக்கு நடுவே ஓடியது என்ற கேள்வியும் அதே அளவு முக்கியமானது.

துளைக் கிணறு தோண்டியவர்களிடமும், மெட்ரோ, பாலப் பணிகளின் மண் ஆய்வுக் கோப்புகளிலும் களிப்பாறையின் ஆழம் பதிவாகியிருக்கிறது. கேசவரத்திலிருந்து மதுரவாயல் வரை அந்தத் தகவல்களைத் தொகுத்து, கூவத்துக்கு ஒரு நீள்வெட்டு வரைபடம் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு அணைக்கட்டின் கீழ்ப்புறமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் தரைமட்டத்தை அளந்து, அடுத்த தூர்வாரும் மதிப்பீட்டில் அந்த அளவுகளை இணைக்க வேண்டும்.