பம்பைக் கழற்றிய பிறகு

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் காற்றழுத்த பம்ப் எழுதிக்கொடுப்பது இப்போது பரவிவருகிறது. தினமும் சிகிச்சையாளர்களான நம்மிடம் வந்துபோக முடியாதவருக்கு அது பெரிய உதவி; மறுக்கவில்லை. ஆனால் "பம்ப், தினம் ஒரு மணி நேரம்" என்பதோடு சீட்டு முடிந்துவிட்டால் சிகிச்சையில் பாதியைத்தான் எழுதியிருக்கிறோம்.

காற்றறைகள் விரலிலிருந்து தோள்வரை வரிசையாக நிரம்பும்போது மேலே ஏறுவது பெரும்பாலும் நீர்தான். புரதம் அவ்வளவாக நகர்வதில்லை. தங்கிய புரதம் மறுபடி நீரை இழுக்கும். நாளடைவில் திசு நாராக இறுகும். அதனால் பம்ப் குறைத்த வீக்கத்தை அப்படியே பிடித்து வைப்பது அடுத்து அணியும் கம்ப்ரஷன் ஸ்லீவ்தான். காலையில் பம்ப் போட்டு, சமையல் வேலையெல்லாம் முடித்து மதியம் ஸ்லீவ் மாட்டுபவருக்குக் கை பழையபடி கனத்திருப்பதில் வியப்பில்லை.

ஸ்டான்ஃபோர்டில் ஷூபா, ராக்சன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வை பம்புக்கு ஆதரவாக அடிக்கடி காட்டுகிறோம். கைவழி நிணநீர் வடிப்பு, கட்டு ஆகியவற்றோடு பம்பும் சேர்ந்தபோது மிகைவீக்கம் 45 சதவீதம் குறைந்தது. பம்ப் இல்லாதவர்களுக்கு 26 சதவீதம். ஆய்வு சிறியது என்பது ஒருபுறம். அதில் பம்ப் எதற்கும் மாற்றாக வைக்கப்படவில்லை, கூடுதலாகத்தான் வைக்கப்பட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு பம்புக்கு வெகுகாலமாகப் பணம் கொடுத்துவந்தது. ஸ்லீவுக்குக் கொடுக்கத் தொடங்கியது 2024 ஜனவரியில்தான். நம் ஊர்க் குடும்பங்களும் அப்படித்தான்: கடன் வாங்கி இயந்திரம் வாங்குவார்கள், தளர்ந்துபோன ஸ்லீவை ஆறு மாதத்தில் மாற்றச் சொன்னால் தயங்குவார்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டென்றால் ஸ்லீவை வாங்கச் சொல்லுங்கள்.

இனி, இன்ச் டேப் காட்டாத இடம். கையிலிருந்து தள்ளிய நீர் போய்ச் சேர வேண்டிய அக்குள் வழி ஏற்கெனவே அடைபட்டது. நீர் தோள்முனையிலும் மார்புச் சுவரிலும் தங்கலாம். டேப்போ கை மெலிந்ததாகச் சொல்லும். உள்ளாடைப் பட்டியின் தடம் ஆழமாகிறதா, அக்குளின் பின்மடிப்பு தடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பம்பின் உறை கைக்கு மட்டுமானது என்றால், பம்புக்கு முன் உடற்பகுதியைக் கையால் வடித்துவிடக் கற்றுக்கொடுப்பது நம் வேலை.

அழுத்தம் பொதுவாக 30 முதல் 60 மிமீ பாதரசம். இயந்திரம் காட்டும் எண்ணும் தோலில் விழும் அழுத்தமும் ஒன்றல்ல. மேற்கையின் உட்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பு அக்குள் அறுவையில் வெட்டுப்பட்டிருக்கலாம். கீமோவால் விரல்கள் மரத்திருக்கலாம். "வலித்தால் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று இவர்களிடம் சொல்வதில் பயனில்லை. முதல் சில அமர்வுகளை நம் கண்முன் நடத்தி, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம்.

கை சிவந்து காய்ச்சல் வந்தால் நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரத்தக்கட்டும் கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பும் அப்படியே. நழுவிப்போவது வேறொன்று. மாதக்கணக்கில் அடங்கியிருந்த கை திடீரென வீங்கும்போது வீட்டார் முதலில் செய்வது அழுத்தத்தைக் கூட்டுவதுதான். அது ஆழ்சிரை ரத்தக்கட்டாக இருக்கலாம், புற்றுநோய் திரும்பியதாகவும் இருக்கலாம். அந்தக் கையைப் பரிசோதித்து முடிக்கும்வரை பம்ப் வேண்டாம் என்ற வரியையும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.