பூட்டு இல்லாத பெட்டி... கேட்க ஆள் இல்லை!

சென்னை எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரியை ஒட்டி ஸ்கூட்டரில் போகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். அந்தப் பயம் வீண் அல்ல.

முன்னால் இழுக்கும் லாரியையும் பின்னால் வரும் டிரெய்லரையும் சேர்ப்பது 'கிங் பின்' என்ற ஒரே ஓர் இரும்பு முளை. அதன் பருமன் சாதாரணமாக 2 அங்குலம். டிரெய்லர் மேல் பெட்டியைப் பிடித்து வைப்பது மூலைப் பூட்டுகள். பெட்டியும் சரக்கும் சேர்ந்தால் 30 டன் வரை வரும். பூட்டுப் போடாமல் வளைவில் வேகமாக ஒடித்தால் பெட்டி தனியாகக் கழன்று விழும். பக்கத்தில் ஆட்டோ வந்தால் அப்பளம்தான்!

"இன்னும் ரெண்டு டன் ஏத்து, யாரு பாக்கிறா?" என்ற துணிச்சல்தான் வினை. வண்டி, சரக்கு எல்லாம் சேர்த்து 49 டன் என்று இருந்த உச்சவரம்பை 2018-ல் மத்திய அரசு 55 டன் ஆக்கியது. அதற்கு மேலும் ஏற்றினால் பிரேக் எப்படிப் பிடிக்கும்?

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டினவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும் குற்றவாளி என்கிறது சட்டம். அப்படியானால் டிரைவரோடு நிறுத்தக் கூடாது. பாரம் ஏற்றச் சொன்ன முதலாளியையும் பிடிக்க வேண்டும்.

கப்பலில் ஏற்றும் சரக்குப் பெட்டிக்கு 2016 ஜூலை முதல் எடைச் சான்று கட்டாயம். கப்பலுக்கு உள்ள அக்கறை ரோட்டில் போகிற சனங்களுக்கு வேண்டாமா? சரக்கு ஏற்றும் கேட்டிலேயே எடை போட்டு, பூட்டைப் பார்த்து, அப்புறம் வண்டியை விடட்டும். விழுந்த பிறகு கிரேன் வந்து என்ன பிரயோஜனம்?