பூட்டிய வீட்டில் ஒரு சிப்பிப்பாறை

பாளையங்கோட்டை பெருமாள்புரம் பக்கம் காலை பத்து மணிக்கு மேல் ஒரு தெருவை நடந்து பாருங்கள். கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் பூட்டு தொங்கும். அதில் ஏதாவது ஒன்றின் உள்ளே இருந்து நாய்க்குட்டி அழுகிற சத்தம் வரும். சாயங்காலம் வீட்டுக்காரர் பைக்கை நிறுத்துவதற்குள் பக்கத்து வீட்டு ஆச்சி வந்துவிடுவார். "ஏய்யா, நீ அந்தப் பக்கம் போனதுல இருந்து அது ஊளையிட்டுக்கிட்டே கெடக்கு. இது நல்லதுக்கா?"

நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது என்கிற பயம் நம்ம ஊரில் இன்னும் போகவில்லை. அப்புறம் என்ன... குட்டி யார் கைக்காவது மாறும். வாங்க ஆள் இல்லையென்றால் நாலுவழிச்சாலை ஓரம்.

இத்தனைக்கும் ஆசை ஆசையாய் வாங்கிய குட்டிதான். 2005-ல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டது. 2020-ல் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் வந்தன. நம்ம மண்ணின் நாய் என்று பெருமைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் சிப்பிப்பாறை என்பது கரிசல்காட்டில் முயல் விரட்டிய நாய். ஆளோடும் வேலையோடும் சேர்ந்தே வளர்ந்த இனம். அதை 10 மணி நேரம் கிரில் கேட்டுக்குள் போட்டுவிட்டு "சனியன், செருப்பைக் கடிச்சிட்டு" என்று திட்டினால் எப்படி?

அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சனை ஏன் பெரிதாக இல்லை? தாமிரபரணிக் கரை ஊர்களில், வளவு வீடுகளில், எப்போதும் யாராவது இருந்தார்கள். தார்சாவில் ஒரு தாத்தா, முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டு ஒரு ஆச்சி. நாயும் கட்டிக் கிடக்காமல் தெருவைச் சுற்றி வந்தது. வீடுதான் மாறிவிட்டது, நாய் மாறவில்லை.

குட்டியின் பக்கம் இருந்து யோசியுங்கள். நேற்றுவரை தாய் மடியில் நாலைந்து குட்டிகளோடு ஒன்றாகச் சுருண்டு தூங்கியது. இன்றைக்குத் திடீரென்று ஒரு காலி ஹால். அது அழுவது பிடிவாதம் இல்லை, பயம். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. நிறைய பேர் கண் திறந்த கையோடு தூக்கி வந்துவிடுகிறார்கள். பாதிப் பிரச்சனை அங்கேயே ஆரம்பம்.

தனியாக இருப்பதையும் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். முதல் சில ராத்திரி குட்டியின் அட்டைப்பெட்டி உங்கள் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் பழைய லுங்கி ஒன்றை உள்ளே போடுங்கள், அந்த வாசனை போதும். அடுத்தது சாவிச் சத்தம். சாவியும் ஹெல்மெட்டும் எடுத்தாலே குட்டி பதறும். எடுங்கள், ஆனால் வெளியே போகாமல் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். இப்படிப் பல தடவை செய்தால் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் போய்விடும். பிறகு கதவுக்கு வெளியே 5 விநாடி, அழுவதற்கு முன்னாலேயே திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் 10 விநாடி, அரை நிமிடம், 5 நிமிடம்... அழுதுவிட்டால் அவசரப்பட்டோம் என்று அர்த்தம், ஒரு படி கீழே இறங்குங்கள். இது கூட்டு வட்டி மாதிரி. ஆரம்பத்தில் அசைவதே தெரியாது, அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் மளமளவென்று ஏறும்.

கிளம்பும்போது கட்டிப்பிடித்துக் கொஞ்சுவதெல்லாம் வேண்டாம். கிளம்புவதற்கு முன்னால் நன்றாக விளையாட விடுங்கள். தடுப்பூசி முடிந்த குட்டி என்றால் விடியக்காலை குறுக்குத்துறை ஆற்றங்கரைப் பக்கம் ஒரு நடை. களைத்த நாய் தூங்கும். தண்ணீரும் நிழலும் கட்டாயம். நம்ம ஊர் மே மாத வெயிலில் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் குட்டியைக் கட்டுவது கொலைக்குச் சமம்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்ததும் தரையில் மூத்திரத்தைப் பார்த்து அடிப்பது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, பாவம். "தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது, முழியப் பாரு" என்பார்கள். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அதே முழியைத்தான் முழித்தது. அது நம் கோபத்தைப் பார்த்து வருவது.

சட்டம் இல்லாமலும் இல்லை. எப்போதும் கட்டியே போட்டிருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் இருப்பது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். முதல் தடவைக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய். கால் கிலோ அல்வாவுக்குப் பத்தாது!

பத்து மணி நேரம் பூட்டுகிற வீடு என்றால் குட்டி வாங்காமல் கொஞ்சம் வளர்ந்த நாயை எடுப்பது நல்லது. ஏற்கனவே வாங்கியாயிற்றா? ஊளையைப் பற்றிச் சொன்ன அதே ஆச்சியிடம் ஒரு சாவியைக் கொடுத்துப் பாருங்கள். மதியம் ஒரு தடவை கதவைத் திறந்து, வெளியே விட்டு, கொஞ்சம் தயிர்ச்சோறு வைத்து, அரை மணி பேசிக்கொண்டு இருப்பார். பகல் முழுக்க அவர் வீட்டிலும் ஆள் கிடையாது.