இறப்பர் எங்கிருந்து வந்தது?

மூடிய தொழிற்சாலைகளைத் திரும்பத் திறப்போம், இந்த முறை அவை மக்கள் சொத்தாக இருக்கும் எண்டு மேற்கு நாட்டு இடதுசாரிகள் சொல்வதைக் கேட்க நல்லாத்தான் இருக்கு. வேல்சின் போர்ட் டல்பட்டில் 2024இல் கடைசி ஊதுலையும் அணைந்தபோது வேலை இழந்தவர்களுக்கு அது வெறும் கோஷமும் இல்லை. ஆனால் அந்த ஆலைக்கு வேண்டிய மூலப்பொருள் யாரிடமிருந்து, என்ன விலைக்கு வரும்?

பிரித்தானியா இதை ஒருமுறை செய்து பார்த்த நாடு. 1945இல் வந்த அட்லியின் தொழிற்கட்சி அரசு நிலக்கரியை, ரயில்வேயை, பிறகு உருக்கைத் தேசியமயமாக்கியது. 1948 ஜூலை 5இல் இலவச மருத்துவ சேவை தொடங்கியது. அதற்கு முந்தைய மூன்று கிழமைக்குள்தான் அதே அரசு மலாயாவில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்திருந்தது. போர்க்கடனில் கிடந்த லண்டனுக்கு டொலர் தேவை. அதை உழைத்துக் கொடுத்தவை மலாயாவின் இறப்பரும் வெள்ளீயமும். தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெருந்தொகையானோர் தமிழர். அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை, துப்பாக்கி வைத்திருந்தார் எண்டு 1949 மே மாதம் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்டது ஒரு 'சோசலிச' அரசு.

இறப்பர் இருந்த இடத்தில் இன்று பற்றரிக்கான நிக்கல். மண்ணாக ஏற்றாதீர்கள், இங்கேயே உருக்குங்கள் எண்டு இந்தோனேசியா 2020இல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, 2022 நவம்பரில் தனக்குச் சாதகமான தீர்ப்பும் வாங்கியது. இந்தோனேசியா மேன்முறையீடு செய்தது.

அங்குள்ள உருக்காலைகள் ஒன்றும் சொர்க்கம் இல்லை. நிலக்கரியில் ஓடுகின்றன, முதலீடு பெரும்பாலும் சீனாவுடையது, 2023 டிசம்பரில் மொரோவாலியில் நடந்த வெடிப்பில் தொழிலாளர் பலர் செத்தார்கள். ஆனால் பிரசல்சின் வழக்கு அவர்களுக்காகப் போட்ட வழக்கு இல்லையே.

ஆகவே ஐரோப்பாவில் நாளை ஒரு சோசலிச அரசு வந்தால், ஆலை யாருடைய சொத்து எண்டு மட்டும் கேட்டால் போதாது. தாது உள்ள நாடு தானே உருக்க நினைத்தால் வழக்குப் போடாமல் இருக்குமா? உருக்கும் தொழில்நுட்பத்தைக் காப்புரிமைப் பணம் கேட்காமல் கொடுக்குமா? இதைவிடக் கஷ்டமானது ஒன்று இருக்கு. வீட்டுக்கு வீடு மின்சாரக் கார் எண்டு கணக்குப் போட்டால் எந்த நியாய விலையும் தாங்காது. பஸ்சும் ரயிலும் செய்யும் ஆலைகளைத்தான் முதலில் திறக்க வேண்டும். வேலை திரும்ப வரும், கார் வராது. இதைப் போர்ட் டல்பட்டில் நின்று சொல்லி வாக்குக் கேட்க வேண்டும்.